கொல்லையில் ஒரு வைரி

பிப்ரவரி 17, திங்கள்

வருஷா வருஷம் யாராவது ஓசியில் டைரி கொடுப்பார்கள். நான் ஒரு வரி எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதக் காரணம் ஒரு பறவை.

காலை ஏழு பத்துக்குக் கொல்லை முருங்கையில் வந்து உட்கார்ந்தது. புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம். நெஞ்சில் செங்கல் நிறக் குறுக்குக்கோடுகள், அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி. கண் சிவப்பு. கீழே கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் ஹெட்மாஸ்டர் நுழைந்த வகுப்பு மாதிரி கப்சிப் என்றாகிவிட்டன.

பக்கத்து வீட்டு மரியதாஸ் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கேட்காமலே எதையாவது சொல்லுவார்.

"பருந்துன்னு நெனைக்காதீங்க சார். வைரி. வல்லூறும்பாங்க. நம்ம கொல்லைய அது மோப்பம் புடிச்சிருச்சு."

அகராதியில் பார்த்தேன். வைரி: வல்லூறு. அடுத்த பொருள்: பகைவன். ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலை வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பறவையை முன்பே தெரியும். ராமானுஜத்தின் கேமராவில் பார்த்திருக்கிறேன். ராமானுஜம் என் மகன். போன பங்குனியில் நான்குவழிச் சாலையில் பைக்கோடு போய்விட்டான். கேமரா மட்டும் முதுகுப் பையில் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 19, புதன்

மெமரி கார்டை உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். வைரிப் படங்கள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட உருப்படி இல்லை. ஒன்றில் வால் மட்டும். ஒன்றில் வெறும் முருங்கைக்கிளை. ஒன்றில் பறவை இருக்கிறது, கலங்கிப்போய்ச் சாம்பல் துணி பறக்கிற மாதிரி. பத்துக்கு இரண்டு போடலாம், அதுவும் பரிதாபத்துக்கு.

கணித மேதையின் பெயரை வைத்தேன். ப்ளஸ் டூ கணக்கில் அறுபத்தொன்று வாங்கினான். எஞ்சினியரிங் முடித்துக் கிடைத்த வேலையையும் உதறிவிட்டு, கல்யாண வீடுகளில் "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். அந்த வேலையாவது ஒழுங்காகத் தெரிந்ததா என்றால் இதுதான் லட்சணம்.

நான் எடுப்பேன். வைரி இரையை அடிக்கிற அந்த நொடியை, ஒவ்வொரு இறகும் தெரிகிற மாதிரி. முப்பத்தாறு வருஷம் கணக்கு நடத்தியவனுக்கு ஒரு கேமராவின் எண்கள் பெரிய விஷயமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டுக்கு அப்புறம் ஒரே ஒரு படம் தெளிவாக இருக்கிறது. அடுப்படி ஜன்னலில் நின்று நான் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். கழுத்து நரம்பு தெரிகிறது. அதற்கு மார்க் போடவில்லை. அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

மூன்று நாளும் வைரி வந்தது. மூன்று நாளும் காக்கைகள் துரத்திவிட்டன. அது முருங்கையில் கால் ஊன்றுவதற்குள் எட்டு, பத்து காக்கை கூடிக் கத்தித் தீர்த்துவிடுகின்றன. காக்கைகள் ஏன் இந்தக் கொல்லையே கதி என்று கிடக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். என் மனைவி பஞ்சவர்ணம் தினமும் பன்னிரண்டு ஐம்பதுக்கு மதில்மேல் சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் கடமைக்கு ஒரு உருண்டை வைப்பாள். ராமானுஜம் போனதிலிருந்து காக்கை வந்து எடுத்தால்தான் அவள் வாயில் சோறு வைக்கிறாள்.

"கொஞ்ச நாளைக்கு இந்தக் காக்காச் சோத்த நிறுத்து வர்ணம்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பங்குனித் திதி வருதுங்க. வருஷத் திதி. அன்னைக்கு அவன் வந்து ஒரு வா எடுத்துட்டான்னா எம்மேல கோவமில்லன்னு நான் நிம்மதியா இருப்பேன். இப்பப் போயி நிறுத்தச் சொல்றீங்களே!"

"அவனுக்கு உன்மேல என்ன கோவம்?"

"கடைசியா அவன் போன் பண்ணப்ப நான் எடுக்கலையே. பெத்தவ எடுக்கலையே. எதுக்குப் பண்ணானோ, என்ன சொல்ல வந்தானோ..."

ஒரு வருஷமாக இதே பாட்டு. போன் அடித்தபோது இவள் கொல்லையில் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது என்றாள். வாங்க வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று அடித்தது. மைனாவை. துணி துவைக்கிற கல்லின்மேல் போட்டு, காலால் அமுக்கிக்கொண்டது. நான் வர்ணத்தின் பழைய பச்சைச் சேலையைக் கொடிக்கயிற்றில் திரை மாதிரி கட்டி, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து அடி தூரம்.

மைனா சாகவில்லை. அதுதான் எனக்கே புதிதாக இருந்தது. கொன்றுவிட்டுத் தின்னும் என்று நினைத்திருந்தேன். இது உயிரோடே இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பிடுங்கலுக்கும் மைனா வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. வைரி அவசரப்படவே இல்லை, நடுநடுவே தலையைத் தூக்கி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டது.

வர்ணம் விளக்குமாறோடு ஓடிவந்தாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்க! உசிரோட பிய்க்கிது, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க!"

"இயற்கை. அதுல நாம தலையிடக் கூடாது."

"அது வாயைத் தொறக்குதுங்க. ஒரு சொட்டுத் தண்ணியாவது..."

"தலையிடக் கூடாதுன்னா கூடாது."

இந்த இழுபறியில் பறவை மிரண்டு, மைனாவைத் தூக்கிக்கொண்டு மதிலைத் தாண்டிவிட்டது. நாற்பது படம். எல்லாம் ஆடிப்போயிருக்கிறது, அவள் கையைப் பிடித்துக்கொண்டே எடுத்ததால். மூன்று மார்க். அடிக்கிற நொடி கிடைக்கவில்லை.

அவள் கல்லைக் கழுவி மஞ்சள்தண்ணீர் தெளித்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

காக்கைமேல் கல் எறிந்தேன். எனக்குக் குறி கிடையாது. மரியதாஸ் வீட்டுப் பூந்தொட்டி உடைந்தது.

"காக்காவ விரட்டணும்னா கல்லெல்லாம் பத்தாது சார்" என்றார் அவர், தொட்டி போன வருத்தமே இல்லாமல். "எங்க ஸ்டேஷன் மாடியில ஒரே தொல்லை. செத்த காக்கா ஒண்ணைத் தலைகீழாத் தொங்கவிட்டோம். அப்புறம் ஒரு காக்கா எட்டிப் பாக்கல. ஆனா ஒண்ணு. கட்டுற ஆளு மூஞ்சிய அதுக பாத்துக்கிட்டா மறக்காதுக. கட்டின எங்க ஆளு பாவம், ஒரு வருஷம் ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் டூட்டிக்கு வந்தாரு."

நான் பொதுவாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஒரு காக்கை செத்துக் கிடந்தது. செய்தித்தாளில் சுற்றினேன். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கம்பியில் கட்டினேன். வர்ணம் முழங்காலை வைத்துக்கொண்டு மாடி ஏறி வருஷக்கணக்காகிறது.

கட்டும்போது காகிதம் பறந்துவிட்டது. கையில் காக்கை, தலைக்கு மேலே காக்கைகள். எங்கிருந்துதான் வந்தனவோ, ஐம்பது இருக்கும். ஒன்று என் தலையை உரசிக்கொண்டு போனது. முடி இல்லாத தலை, எரிந்தது. கீழே இறங்கினால் வர்ணம் கேட்டாள், "என்னங்க இன்னைக்கு இந்தக் கத்து கத்துதுக?"

"பூனை எதுவும் வந்திருக்கும்."

மார்ச் 10, திங்கள்

கொல்லையில் ஒரு காக்கை இல்லை. வைரி இருபத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தது.

மார்ச் 12, புதன்

வர்ணம் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒன்றே கால் வரை கூப்பிட்டாள். தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று மணிக்குச் சோறு மதில்மேல் காய்ந்து கிடந்தது. அவள் மோர் மட்டும் குடித்தாள்.

"நாலு நாளாச்சு. எங்க போச்சுங்க எல்லாம்?"

"வெயில். மரம் இருக்கிற பக்கமாப் போயிருக்கும்."

"பிள்ளையார் கோயில் அரசமரத்துல நிக்கிதுகளே. சத்தம் கேக்குது."

"அப்ப அங்க கொண்டுபோயி வையி."

"அங்க எடுத்தா அது ஊர்க் காக்கா. நம்ம மதில்ல வந்து எடுத்தாத்தான் அது அவன்" என்றாள். இதற்கெல்லாம் அவளிடம் தனியாக ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது.

கடைக்குக் குடை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் அதிகம்.

மார்ச் 16, ஞாயிறு

குடை எடுத்துக்கொண்டு போனேன். அரசமரத்தடியில் காக்கைகள் குடைமேல் இரண்டு முறை இடித்தன. பூக்காரி சிரித்தாள்.

மார்ச் 21, வெள்ளி

ஆங்கிலத் தேதிப்படி இன்றோடு ஒரு வருஷம். திதி ஏப்ரல் ஒன்பதில் வருகிறது.

அன்றைக்கு வர்ணத்தின் போன் அடித்தது மத்தியானம் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு. போன் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. நானும் மேஜையில்தான் இருந்தேன். திரையில் "ராமு" என்று வந்தது. அந்த வாரம் முழுக்க அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அவள் வந்து, "யாருங்க போன்ல?" என்றாள். "தெரியலை, அடிச்சது, நின்னுருச்சு" என்றேன். மூன்று மணிக்குச் செய்தி வந்தது.

இன்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்புப் போட மறந்திருந்தாள்.

மார்ச் 26, புதன்

செம்பருத்தியை அடியோடு வெட்டினேன். குருவியும் புறாவும் ஓடி ஒளிய அந்த ஒரு புதர்தான் இருந்தது. படத்துக்குப் பின்னால் அது அடைசலாகவும் தெரிந்தது. மதிலைச் சுற்றிக் கம்பு தூவினேன். நாலைந்து புள்ளிப்புறாக்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. எல்லாம் எதிர்பார்த்தபடி நடக்கிறது.

வர்ணம் அடுப்படி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"திதிக்கு நம்ம கொல்லையச் சுத்தம் பண்றீங்களா? தானியமெல்லாம் போட்டு வைக்கிறீங்களா? ஒண்ணு இறங்கினா அதப் பாத்து எல்லாம் இறங்கும், இல்லையாங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்குத் தெரியும். வெளிய காட்டிக்கிட மாட்டீங்க. ஆனா உங்களுக்கும் அவன்னா உசிருதான்" என்றாள். முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

அரிவாளைக் கழுவி வைத்தேன். போய்ப் படுத்துவிட்டேன். வெட்டின அலுப்பு.

ஏப்ரல் 2, புதன்

திதிக்கு ஒரு வாரம். இன்றைக்கு மாடியில் கட்டியதை அவிழ்த்துவிட்டால் ஒருவேளை ஒன்பதாம் தேதிக்குள் காக்கை திரும்பும். யோசித்தேன், யோசிக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் வைரி இப்போதுதான் பழகியிருக்கிறது. கதவு திறந்தால்கூடப் பறப்பதில்லை. நேற்று புறாமேல் பாய்ந்து அரை அடியில் தவறவிட்டது. இன்னும் நாலைந்து நாளில் அடித்துவிடும். காக்கை வந்தால் எல்லாம் பழைய கதைதான்.

வர்ணம் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். மோரும் வாழைப்பழமும்தான் ஓடுகிறது. திதியன்றைக்குச் சாப்பிட்டுவிடுவாள். காக்கை வரவில்லையென்றாலும் பசித்தால் சாப்பிடத்தானே வேண்டும்.

அவிழ்க்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் படித்துறைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தேன். குடையோடு.

வர்ணம் விடியலில் எழுந்து சமைத்திருந்தாள். பருப்பு வடை, உருளைக்கிழங்குப் பொரியல், பாயசம், அவனுக்குப் பிடித்த சின்ன வெங்காயச் சாம்பார். ஈரத்தலையோடு நுனி இலையை எடுத்துப்போய் மதில்மேல் வைத்தாள். சோறு ஆவி பறந்தது. நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். திதியன்றைக்கு அவள் அதைக்கூடக் கேட்கவில்லை. நான் காக்கைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"கா... கா... வாய்யா. ராமு, வாய்யா சாமி."

ஒரு மணி. ஒன்றரை. அரசமரத்துப் பக்கம் காக்கைகள் கத்துவது கேட்டது. ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. அவள் உட்காரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கூப்பிட்டாள். கடைசியில் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "வேணும்னேவா எடுக்காம இருந்தேன்? உனக்குத்தானய்யா சோறு வச்சுக்கிட்டிருந்தேன்... தாத்தனுக்கும் பாட்டனுக்கும்தான் வச்சேன், நம்ம வீட்டுக்குத்தான் வச்சேன். அம்மாவ மன்னிச்சுரு. ஒரே ஒரு வா."

இரண்டு ஐந்துக்குப் புள்ளிப்புறா ஒன்று மதிலில் இறங்கியது. கம்பு தின்று பழகின புறா. இலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு பருக்கையைக் கொத்தியது.

வர்ணம் மூச்சை நிறுத்திவிட்டாள். "என்னங்க" என்றாள் மெதுவாக. "என்னங்க, பாத்தீங்களா? காக்கா இல்லாட்டி என்ன. புறாவா வந்துட்டான்யா எம்பிள்ளை." சத்தமில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகம் அப்படி மாறி நான் ஒரு வருஷத்தில் பார்த்ததில்லை.

வைரி முருங்கையின் மேல்கிளையில் இருந்தது. நான் முன்பே பார்த்துவிட்டேன். தலையைத் தாழ்த்தி, உடம்பைக் குறுக்கி வைத்திருந்தது. அப்படிக் குறுக்கினால் மூன்று எண்ணுவதற்குள் பாயும் என்று ஒன்றரை மாதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் கை தட்டியிருந்தால் போதும். இருமியிருந்தால்கூடப் போதும்.

ஒன்று. இரண்டு.

அழுத்தினேன்.

அடித்த வேகத்தில் இலை கிழிந்தது. புறா சோற்றில் மல்லாந்து கிடந்தது. வைரி நகத்தை நெஞ்சில் இறக்கி, சிறகை விரித்து அதை மூடிக்கொண்டது. பாயசம் வழிந்தது. அப்புறம் நிதானமாகக் கழுத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தது. வெள்ளைச் சோறு சிவந்தது. வர்ணம் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள். ஓடிவரவில்லை, கத்தவில்லை, விளக்குமாற்றைத் தேடவில்லை. முழுதும் பார்த்தாள். பதினெட்டு நிமிஷம்.

பிறகு, "அவ்வளவு கோவமாய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வடை ஆறிப்போயிருந்தது. நான் நாலு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

படம் கிடைத்துவிட்டது. நகம் இறகைத் தொடுகிற நொடி. வைரியின் கண்ணில் முருங்கைக்கிளை தெரிகிறது. புறாவின் அலகில் ஒரு பருக்கை. இப்படி ஒரு படத்தை அவன் ஆயுளுக்கும் எடுத்திருக்க மாட்டான். பத்துக்குப் பத்து.

மூலையில், கலங்கலாக, கும்பிட்ட இரண்டு கைகள். வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் படம் சரிந்து தெரிகிறது.

ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் இதே விரல்தான். போன் தானாக நிற்கவில்லை. நான்தான் கட் செய்தேன். "மொதல்ல எங்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் அம்மாக்கிட்ட நல்லாக் கொஞ்சட்டும்" என்று கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தேன். பிறகு இரண்டையும் பட்டியலிலிருந்து அழித்தேன். ஒன்று மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவள் ஒரு வருஷமாக நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள்.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. அவள் டைரி படிக்கிறவளும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாலு நாளாக அவள் வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் போகவில்லை. கேட்டால், "பெத்த பிள்ளை வேண்டாம்னு ரத்தமாக் கொட்டிட்டுப் போயிட்டான். நான் தின்னு என்ன ஆகப்போகுது" என்கிறாள். அழுவதில்லை. அழுதாலாவது திட்டலாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

குழாயடியில் விழுந்துவிட்டாள். மரியதாஸ்தான் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "என்ன சார், வீட்டுல சாப்பாடு போடுறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார். வயசு முப்பதுகூட இருக்காது. என்னிடம் படித்திருந்தால் பல்லைத் தட்டியிருப்பேன். இப்படியே போனால் சிறுநீரகம் போய்விடும், மனசு வைத்து அவர்களே சாப்பிட்டால்தான் உண்டு என்றார்.

பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன்? ரசம்கூட வைக்கத் தெரியாது.

ஏப்ரல் 16, புதன்

மாடியில் கட்டியதை அவிழ்த்தேன். எலும்பும் கொஞ்சம் இறகும்தான் மிச்சம். பையில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வைரி வரட்டும், வராமல் போகட்டும். காக்கை வந்தாக வேண்டும்.

வர்ணத்தை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அடிப்பிடித்துவிட்டது. அவள் தொடவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நானே சோறு எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனேன். வர்ணத்தை அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "பாரு, இன்னைக்கு நான் கூப்பிடுறேன், வருதா இல்லையான்னு பாரு" என்றேன். ஒரு கையில் தட்டு, குடையை எங்கே பிடிப்பது? அவள் முன்னால் கொல்லைக்குக் குடை பிடித்துப் போவதும் நன்றாக இருக்காது.

"கா... கா..." என்றேன். எனக்கே என் குரல் கேவலமாக இருந்தது.

வந்தன. அரசமரம் மொத்தமும் எழுந்து வந்தது. "வருது வர்ணம், வருது பாரு!" என்று கத்தினேன். முதல் காக்கை சோற்றைப் பார்க்கவே இல்லை. நேராக என் தலைக்கு வந்தது. உச்சியில் ஒரு கொத்து. திரும்புவதற்குள் காதில் ஒன்று. தட்டு கீழே விழுந்தது. கையால் மூடினால் கையில் கொத்தின. கல் தடுக்கி விழுந்தேன். விழுந்தவனையும் விடவில்லை. ரத்தம் கண்ணில் இறங்கியது.

"வர்ணம்! விரட்டு! விளக்குமாறை எடு!"

அவள் எழவில்லை. நான் தவழ்ந்து வாசற்படிக்கு வந்து சேர்ந்தபோது என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே வட்டமிடுகிற காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்று, என்னை விட்டுவிட்டு இறங்கி, சிதறிக் கிடந்த சோற்றில் ஒரு வாய் எடுத்தது. அவள் காலடிக்கு இரண்டு முழம் தள்ளி.

"எம்மேல இல்ல" என்றாள் வர்ணம்.

"என்ன?"

"கோவம் எம்மேல இல்ல. உங்கமேல."

எழுந்து உள்ளே போனாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். மோருக்கும் போட்டுக்கொண்டாள். நான் தலையில் துண்டை அழுத்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் எடுத்துக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. கையை நக்கி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"காக்கா ஒரு ஆளை இப்பிடிக் கொத்தி நான் பாத்ததில்ல. அவனுக்கு உங்கமேல என்ன கோவம்?"

காக்கைகளுக்கு என் முகம் தெரியும், செத்த காக்கையைக் கையில் பிடித்தவனை அவை மறக்காது என்று சொல்லலாம். சொன்னால், எங்க பிடிச்சீங்க, எதுக்குப் பிடிச்சீங்க என்பாள். திதியன்றைக்கு ஒரு காக்கை ஏன் வரவில்லை என்று அவளே கூட்டிப் பார்த்துக்கொள்வாள். சொல்லவில்லையென்றால் ராமானுஜத்தின் கோபம் என்றே ஆகிவிடும். முப்பத்தாறு வருஷம் கணக்கு நடத்தினேன். இரண்டு வழியில் போட்டாலும் ஒரே விடை வருகிறது.

"அன்னைக்குப் போனு மேசையிலதான இருந்துச்சு" என்றாள். "நீங்களும் மேசையிலதான இருந்தீங்க."

நான் துண்டை மறுபக்கம் திருப்பித் தலையில் அழுத்தினேன்.

வகுப்பில் கேள்வி கேட்டால் சும்மா நிற்கிற பையன்களை, "நிக்கிறியே, அதுவே பதில்தான்டா" என்று சொல்லி அடித்திருக்கிறேன். எத்தனையோ பையன்கள். ராமானுஜமும் என் வகுப்பில்தான் படித்தான்.

அவள் தட்டைக் கழுவப் போனாள்.

ஏப்ரல் 19, சனி

காபி கொடுக்கும்போது சொன்னாள். "இனிமே மதில்ல சோறு நீங்கதான் வைக்கணும். தெனமும். அவன் எடுத்த பெறகுதான் இந்த வீட்டுல அடுப்படிக்குள்ள வரணும்."

"எத்தனை நாளைக்கு?"

"அவன் கோவம் தீர்றவரைக்கும்."

குடை வீட்டில் இல்லை. கேட்டேன். மரியதாஸ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாலு கொத்து.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் வைரி வந்தது. காக்கைகள் துரத்திவிட்டன. கேமராவைத் துடைத்துப் பையில் போட்டுப் பரணில் வைத்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பச்சைச் சேலைத் திரைக்குப் பின்னால் என் நாற்காலியில் வர்ணம் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து அடி. நன்றாகத் தெரிகிற இடம்தான், நானே பார்த்துப் போட்டது. மேலே அரசமரத்துப் பக்கமிருந்து சத்தம் கிளம்பிவிட்டது.

"வர்ணம், ஒரு துண்டாவது எடுத்துப் போடு" என்றேன்.

"அதெல்லாம் நாம தலையிடக் கூடாதுங்க" என்றாள். "கூப்பிடுங்க."

கூப்பிட்டேன்.